ஏ-40 வீதியும் எமது இரண்டு கார்களும்

வெம்பிளி ஈலிங் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எமது வீட்டிலிருந்து நான் வேலை செய்யும் பார்க் றோயல் தொழிற்சாலைக்கு 3 மைல் தூரம். இந்த 3 மைலுக்கு எந்தக் கார் பொருந்தும் என்று அறிய எனக்கு 5 வருடமும் இரண்டு காரும் செலவாயின. புதிதாக வந்து குடியேறியிருக்கும் எமது உறவுகள் கோவிலிலும் கடையிலும் கண்டால் கேட்பது, "அண்ணை, டீசல் வாங்கவோ, ஹைபிறிட் வாங்கவோ?" என்பதுதான். இரண்டையும் வைத்திருந்து பட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. ஓ.எல். வரை படித்துவிட்டு இங்கு இரவு வேலை செய்பவன்.

முதலில் பாதையைச் சொல்ல வேண்டும். ஈலிங் ரோட் எமது ஆட்களுக்குத் தெரியாத இடமல்ல. புடவைக்கடை, நகைக்கடை, மரக்கறிக்கடை எல்லாம் தாண்டி, அல்பேட்டன் ஈழபதீஸ்வரரை ஒரு பக்கம் நினைத்துக் கும்பிட்டுக்கொண்டு தெற்கே போனால் ஹாங்கர் லேன் சுற்றுவட்டம் வரும். வட்டத்தின் நடுவிலேயே பாதாள ரயில் நிலையம் இருக்கிறது. நோர்த் சேர்க்குலர் வீதியும் ஏ-40 வீதியும் சந்திக்கும் இடம் அது. நோர்த் சேர்க்குலரைக் கடந்தால் பார்க் றோயல். 1903 இல் அரச விவசாயச் சங்கம் தனது கண்காட்சியை நடத்த எடுத்த நிலம் என்பதால் அந்தப் பெயர். கண்காட்சி சில வருடங்களில் நின்றுபோக, தொழிற்சாலைகள் வந்தன. 1936 முதல் 2005 வரை கின்னஸ் பியர் இங்கேதான் வடித்தார்கள். இன்றும் இரவிரவாக வெளிச்சம் அணையாத இடம். எமது ஆட்கள் பலருக்குச் சோறு போடுகிற இடம்.

எனது வேலை இரவு 10 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிக்கு முடியும். 2017 இல் சீட்டுக் காசை எடுத்து, 2012 ஆம் ஆண்டு டீசல் கார் ஒன்று வாங்கினேன். "டீசல் கலனுக்கு 60 மைல் ஓடும்" என்று வேலைத்தலத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் லூட்டனிலிருந்தும் சிலவ்விலிருந்தும் வருகிறவர்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஒரு மாரி முடிவதற்குள் டாஷ்போர்ட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் கவனிக்கவில்லை. பிறகு ஒருநாள் சுற்றுவட்டத்தின் நடுவில் கார் இழுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடிக்க, முன்னால் நான் வியர்க்க, ஒருமாதிரி ஓரங்கட்டினேன். எமது ஊர் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, நீர் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுறனீர்?"

"போக 3 மைல், வர 3 மைல் அண்ணை."

"அப்ப ஏன் டீசல் வாங்கினீர்?"

பிறகு விளங்கப்படுத்தினார். டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்க, புகைக்குழாயில் டீ.பி.எவ். என்ற வடிகட்டி ஒன்று இருக்கிறது. கரி நிறைந்தால் கார் தானாகவே அதை எரித்துவிடும். ஆனால் அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடேறி, மணிக்கு 40 மைலுக்கு மேல் 10, 15 நிமிடமாவது விடாமல் ஓட வேண்டும். எனது கார் சூடேறும்போது நான் தொழிற்சாலை வாசலில் நிற்பேன். அடுப்பு மூட்டி மூட்டித் தண்ணீர் ஊற்றியது போலத்தான்.

வேறொருவர் 200 பவுணுக்கு அந்த வடிகட்டியை வெட்டி எடுத்துவிடுவதாகச் சொன்னார். தயவுசெய்து அதற்கு உடன்படாதீர்கள். வடிகட்டி இல்லாமல் வீதியில் ஓடுவது சட்டவிரோதம். 2014 பெப்ரவரியிலிருந்து எம்.ஓ.ரி. பரிசோதனையில் அது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

மெக்கானிக் அண்ணை சொன்ன வைத்தியம் வேறு. "ஞாயிற்றுக்கிழமையில பிள்ளைகளை ஏத்திக்கொண்டு ஏ-40 இல ஒரு ஓட்டம் ஓடும். காருக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது."

ஏ-40 என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் 'ஏ போட்டி' என்றால் வீதியல்ல, ஒஸ்ரின் கார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாதபோது, கார்புரேற்றரில் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் அவை. மணத்தை வைத்தே வருத்தம் சொல்லுவார்கள். இங்குள்ள கார் தன் வருத்தத்தை ஒரு சின்ன மஞ்சள் விளக்கில் மட்டும்தான் சொல்லும். அதைப் பார்க்கப் பழக வேண்டும்.

அந்த ஞாயிறு புறப்பட்டோம். பெரிவேலில் ஹூவர் கட்டிடம் வெள்ளை வெளேரென்று நின்றது. 1930களில் தூசு உறிஞ்சும் மெஷின் செய்வதற்குக் கட்டிய தொழிற்சாலை, இப்போது அதில் குடும்பங்கள் குடியிருக்கின்றன. நோர்தோல்ட் விமானத்தளத்துக்கு அருகில் போலந்து விமானப்படையினரின் நினைவுத்தூபி. 1948 இல் திறந்தது. யுத்தம் முடிந்தும் அவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். மனைவி ஒன்றும் பேசாமல் யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தா. டென்ஹாமில் எம்-40 தொடங்கியதும் இருபுறமும் பச்சை வயல். பீக்கன்ஸ்ஃபீல்ட் தரிப்பிடத்தில் தேநீர் குடித்து, கட்டிக்கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டுத் திரும்பினோம். விளக்கு அணைந்திருந்தது. அதன்பின் மாதம் இரண்டு முறை இந்தப் பயணம் வழக்கமாயிற்று. மிச்சம் பிடித்த டீசல் காசு இந்த ஓட்டத்துக்குச் சரியாகப் போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

2021 ஒக்டோபர் 25 ஆந் திகதி யூலெஸ் என்னும் புகைக்கட்டுப்பாட்டு வலயம் நோர்த் சேர்க்குலர் வரை விரிந்தது. எமது வீடு வெளியே, தொழிற்சாலை உள்ளே. எனது டீசலுக்கு நாளுக்கு 12.50 பவுண். இந்த நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இரவு 9.40 க்கு உள்ளே போய்க் காலை 6.10 க்கு வெளியே வந்தால் ஒரு வேலைக்கு இரண்டு நாள் காசு. ஞாயிறு தொடக்கம் வியாழன் வரை தொடர்ந்து 5 இரவு வேலை செய்தால் 6 நாள், 75 பவுண். விட்டுவிட்டு வேலை கிடைப்பவர்களுக்கு ஒவ்வோர் இரவுக்கும் 25 பவுண். இரவு வேலைக்குப் போகும் புதியவர்கள் இந்தக் கணக்கை முதலில் பாருங்கள். 2023 ஓகஸ்ட் 29 இலிருந்து லண்டன் முழுவதும் இதே சட்டம்தான். பொதுவாக 2015 செப்டெம்பருக்குப் பின் பதிந்த டீசல் கார்களும், 2006 க்குப் பின் பதிந்த பெற்றோல் கார்களும் தப்பும். வாங்குமுன் இலக்கத்தகட்டை ரி.எவ்.எல். இணையத்தளத்தில் போட்டால் உடனே தெரியும். காசு கட்டத் தவறினால் தண்டம் 180 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் 90. பழைய காரைக் கொடுத்தால் 2,000 பவுண் தருவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பி இருக்காதீர்கள். அந்தத் திட்டம் 2024 செப்டெம்பரில் முடிந்துவிட்டது.

டீசலை வந்த விலைக்கு விற்றுவிட்டு, 2010 ஆம் ஆண்டு ஹைபிறிட் ஒன்று வாங்கினேன். உண்மையில் எனது பாதைக்கு அது தோதான கார். நின்று நின்று போகும் வீதியில் எஞ்சின் ஓய்ந்து பற்றறியில் நகரும். இரவில் அயலவரை எழுப்பாமல் புறப்படலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பெரிய பற்றறி பின் இருக்கைப் பக்கம் இருந்து, காருக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரும். அந்தக் காற்றுத் துவாரத்தை அரிசி மூட்டையாலும் பிள்ளையின் போர்வையாலும் மூடக்கூடாது. அதன் வடிகட்டியையும் காலத்துக்குக் காலம் துப்புரவாக்க வேண்டும்.

ஆனால் கார் ஓடும் நேரத்தைப் பற்றி யோசித்த நான், அது நிற்கும் நேரத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

2022 மே மாதம் ஒரு புதன்கிழமை. வேலை முடிந்து வந்து பகல் 2 மணிக்கு நல்ல நித்திரை. இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் கட்டிட வேலை என்று நினைத்து மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். "இஞ்சருங்கோ, எழும்புங்கோ! எங்கட காரை என்னவோ செய்யிறாங்கள்!" என்று மனைவி கத்தினா. வாசல் வரை அவ போயிருக்கிறா. ஒருவன் காரை ஜக்கில் தூக்கிக் கீழே படுத்திருக்க, மற்றவன் கையில் இரும்புக் கம்பியோடு அவவைப் பார்த்து, உள்ளே போ என்று கைகாட்டியிருக்கிறான். நான் இறங்கி வருவதற்குள் போய்விட்டார்கள். மூன்று நிமிடம் இருக்காது. எங்கள் ஊரென்றால் 'கள்ளன்' என்று ஒரு சத்தம் போட ஒழுங்கையே கூடியிருக்கும். இங்கே எதிர்வீட்டு யன்னல் திரை மட்டும் அசைந்தது.

காரை ஸ்ராட் பண்ணினேன். உழவு மெஷின் போல உறுமியது. கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புகையைச் சுத்தமாக்கும் அந்தப் பெட்டிக்குள் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் என்ற உலோகங்கள் இருக்கின்றன. 2021 இல் ஓர் அவுன்ஸ் ரோடியம் 25,000 டொலருக்கு மேல் போனது. தங்கம் அப்போது 2,000 டொலருக்கும் கீழே. ஹைபிறிட் காரில் எஞ்சின் ஓய்ந்து ஓய்ந்து ஓடுவதால் அந்த உலோகம் குறைவாகவே கெடும். அதனால்தான் பிறியஸ், ஓரிஸ், ஜாஸ் போன்ற ஹைபிறிட் கார்களைத் தேடி வந்தார்கள். பின்னர் விலை நன்றாக இறங்கிவிட்டது. ஆனாலும் இந்தக் களவு முற்றாக நிற்கவில்லை.

காப்புறுதிக்காரர் பார்த்துவிட்டு, திருத்தும் செலவு காரின் பெறுமதிக்குக் கிட்ட வருகிறது என்று காரையே கழித்துவிட்டார்கள். தந்த காசில் முதல் 500 பவுண் எமது தலையில். அடுத்த வருடக் கட்டணமும் ஏறியது. வேலைத்தலத்தில் ஒருவன் இரகசியமாக வந்து, 150 பவுணுக்குப் பழைய கொன்வேர்ட்டர் ஒன்று எடுத்துத் தருகிறேன், எங்கிருந்து என்று கேட்கக்கூடாது என்றான். கேட்காமலே எனக்குத் தெரியும். அது இன்னொருவர் வீட்டு வாசலில் அறுத்தது. வேண்டாம் என்றேன்.

அடுத்த ஐந்து கிழமை, போகும்போது பஸ், வரும்போது நடை. அல்பேட்டன் வரை வரும் கால்வாய்க்கரை வழியே நடப்பேன். ஓரிடத்தில் அந்தக் கால்வாய் பாலமாகி நோர்த் சேர்க்குலரின் மேலாகப் போகிறது. மேலே தண்ணீரும் வாத்துகளும், கீழே விடிகாலைக் கார் வரிசை. எனக்குக் களைப்புத் தெரியவில்லை. ஆனால் மனைவி வாசலில் நிற்பா. அந்தக் கம்பியை அவ மறக்க நெடுநாளாயிற்று.

ஆகவே எனது அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான். மற்றவரின் காரைப் பார்த்து வாங்காதீர்கள். நீங்கள் எவ்வளவு தூரம், எந்த நேரம் ஓடுகிறீர்கள், கார் எங்கே நிற்கப்போகிறது என்ற மூன்றையும் பார்த்து வாங்குங்கள். தினமும் நெடுஞ்சாலையில் போகிறவருக்குப் புதிய டீசல் சரிவரும். ஹைபிறிட் என்றால் கொன்வேர்ட்டருக்கு இரும்புக் கவசம் பூட்டுங்கள், வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்துங்கள். சாவி போடாமல் திறக்கும் கார் என்றால், சாவியை வாசலருகே வைக்காமல் மூடியுள்ள பிஸ்கற் ரின்னில் வைத்து, காரின் பக்கத்தில் கொண்டுபோய்த் திறக்கிறதா என்று சோதியுங்கள். வாங்குமுன் எம்.ஓ.ரி. வரலாற்றை அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பாருங்கள். கள்ளரைக் கண்டால் வெளியே போகாதீர்கள். கதவைப் பூட்டிக்கொண்டு 999 ஐ அழையுங்கள். கார் போனால் இன்னொரு கார் வாங்கலாம்.

இப்போது எம்மிடம் 2008 ஆம் ஆண்டின் சின்னப் பெற்றோல் கார். யூலெஸ் காசு இல்லை. அழகும் இல்லை. கள்ளர் திரும்பிப் பார்ப்பதாகவும் தெரியவில்லை. பகலில் நித்திரை கொள்கிறேன். இந்தக் காருக்கு நெடுஞ்சாலை ஓட்டம் தேவையே இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சின்னவன், "அப்பா, கார் விளக்கு எரியுதோ? ஏ-40 க்குப் போவமோ?" என்று கேட்பான். எரிகிறது என்று சொல்லிவிட்டு, இடியப்பத்தைக் கட்டிக்கொண்டு புறப்படுவோம்.