மூச்சுப் பாடம்

எம்மொடு பயின்ற அன்பர் பலர்க்கும் நாற்பது கடந்துவிட்டமையால் இதனை எழுதலானோம். அடைபட்ட இருதய நாடிக்கு மாற்றுவழி அமைக்கும் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பு சென்றோம். முதனாளே இயன்மருத்துவர் மூன்று குண்டுகள் கொண்ட கருவியைத் தந்து, மூச்சை உள்ளிழுத்து அவற்றை உயர்த்தச் சொன்னார். சிறுபிள்ளை விளையாட்டென நகைத்தோம். காலிலிருந்து எடுத்த நாளத்தைப் பொருத்தி, பிளந்த மார்பென்பைக் கம்பியாற் பிணைத்த பின்னரோ ஒரு குண்டும் எழவில்லை! நுரையீரலிற் சளி தங்கலாகாதென்று, தலையணையை மார்போடணைத்து இருமப் பணித்தனர். அவ்வலியை உரைக்கத் தமிழாசிரியராகிய எமக்கும் சொல் இல்லை. பின்னர் படலைவரை நடை. அப்பால் ஒழுங்கை முடிவுவரை.

ஆறாம் வாரம் உடப்புக் கடற்கரையை அடைந்தோம். கரைவலை இழுப்போர் அம்பாப் பாடிக்கொண்டிருந்தனர். எம் கை தானே கயிற்றை நாடிற்று.

“மாஸ்டர், மூன்று மாதம் பாரம் இழுக்கக்கூடாதென்றல்லோ சொன்னவை!” என்று இளைஞனொருவன் தடுத்தான்.

விலகிநின்று குரலை மட்டும் சேர்த்தோம். ஓரடி முழுமைக்கும் மூச்சுப் போதுமாயிற்று.