ஒரு சுற்றுக்கு எட்டுத் தட்டு

ஆம்பூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. கீழே பிரியாணிக் கடை. தம் பிரிக்கும் நேரத்தில் வாசனை படியேறி வந்துவிடும். மேலே இரண்டு கணினித் திரைகள், ஒரு கீபோர்டு, சுவரெங்கும் எதிரொலியை விழுங்கும் பஞ்சு. கல்யாண வீடியோ எடிட்டிங்கில் தொழிலைத் தொடங்கிய ஓர் இளைஞர், இப்போது தோல் கம்பெனிகளுக்கு அறிமுகப் படங்கள் செய்து கொடுக்கிறார். மிலான் நகரின் லீனியாபெல்லே கண்காட்சிக்கோ, சென்னையில் நடக்கும் தோல் கண்காட்சிக்கோ போகிறவர்கள் இரண்டரை நிமிடத்தில் தங்கள் தொழிற்சாலையைக் காட்டியாக வேண்டும்.

படத்துக்கு அடியில் என்ன இசை ஓடுவது என்பதில்தான் தினமும் இழுபறி. நான் போயிருந்த அன்றும் ஒரு முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"நல்லா சத்தமா வை தம்பி. கம்பெனி பெருசுன்னு தெரியணும்ல?"

"கம்பெனி தெரியும் பாய், தோல் தெரியாமப் போயிடும். இதை ஒரு தடவை கேளுங்க."

இளைஞர் போட்டது மெல்லிய எலக்ட்ரானிக் ஜாஸ். டிரம்மைக் குச்சியால் அடிக்காமல் பிரஷால் வருடும் தாளம், சிந்தசைசரில் ஒரு பேஸ், மேலே ரோட்ஸ் மின்பியானோ. ரோட்ஸில் கம்பிகள் கிடையாது. சின்னச் சுத்தியல் மெல்லிய உலோகக் குச்சியைத் தட்ட, அந்த அதிர்வைப் பக்கத்திலிருக்கும் பிக்கப் மின்சாரமாக்குகிறது. அதனால்தான் அதற்கு மணியோசையின் குளிர்ச்சி. ஏழாம், ஒன்பதாம் சுரங்கள் சேர்ந்த கார்டுகள் ஓரிடத்தில் வந்து முடியாமல் அடுத்ததற்கு நழுவிக்கொண்டே இருக்கும். காட்சியை எங்கே வெட்டினாலும் இசை அறுந்த மாதிரி இருக்காது. பாட்டு வரிகள் இல்லை, ஆகவே வர்ணனைக் குரலோடு சண்டையும் இல்லை.

ஜாஸையும் சிந்தசைசரையும் இசைக்கலைஞர் ஹெர்பி ஹான்காக் 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தில் கலந்தது 1973-இல். நமக்கும் இது தூரத்துச் சங்கதி இல்லை. 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கே இளையராஜா கணினியைக் கொண்டுவந்துவிட்டார். 1992-இல் 'ரோஜா' வருவதற்கு முன்பு ஏ.ஆர்.ரஹ்மான் விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார். சென்னையில் தன் வீட்டோடு பஞ்சதன் ஸ்டூடியோவையும் அமைத்தார். அரை நிமிடத்துக்குள் ஒரு பொருளின் குணத்தை ஒலியில் சொல்லும் பயிற்சி லேசானதல்ல. ஆம்பூர் இளைஞர் செய்வதும் அந்த வகை வேலைதான் என்பேன்.

திரைப்பாட்டை எடுத்து ஒட்டிவிட முடியாது. பதிப்புரிமைச் சட்டம் (1957) மெட்டுக்கு ஒரு உரிமையும் ஒலிப்பதிவுக்குத் தனியாக இன்னொரு உரிமையும் தருகிறது. இலவசம் என்று கிடைக்கும் இசையிலும், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்றிருந்தால் கம்பெனிப் படத்துக்கு ஆகாது. ஒருமுறை இளைஞர் அதைப் படிக்காமல் சேர்த்துவிட்டார். கண்காட்சிக்கு முந்தின இரவு இணையத்தில் அந்தப் படம் ஊமையாகக் கிடந்தது. அதன் பிறகுதான் கீபோர்டு வாங்கித் தானே வாசிக்கத் தொடங்கினார்.

மாலையில் தோல் பதனிடும் ஒரு டேனரிக்குக் கூட்டிப்போனார். சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய தோல்கள், ஆளைவிட உயரமான மர டிரம்முக்குள் குரோமியக் கரைசலோடு புரள்கின்றன. உள்ளே தோல் மேலேறிச் சரிந்து தண்ணீரில் விழும் சத்தம். சுற்றுக்கு ஒருமுறை அச்சின் முனகல். எடிட்டர் மைக்கை நீட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிடத்துக்கு 8 சுற்று. இசையின் வேகம் அதுவரை நிமிடத்துக்கு 80 தட்டு. அதை 64-க்கு இறக்கினால் ஒரு சுற்றுக்குச் சரியாக 8 தட்டு: ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம்.

பாலாறு பட்ட பாட்டையும், தோல் கழிவுகளைப் பற்றிய வேலூர் வழக்கில் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் அறிந்தவர்களுக்கு, இதமான இசை இங்கே ஒரு மூடுதிரையாகிவிடுமோ என்ற கவலை வரும். எனக்கும் வந்தது. ஈரத்திலும் மருந்து நெடியிலும் நாள் முழுக்க நிற்பவரின் உழைப்பை ஒரு பியானோ மெழுகிவிடக் கூடாது. எடிட்டரிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் திரையில் காட்டினார். ஷூ கம்பெனியின் தையல் பகுதியில் பெண்கள் ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கும் காட்சி. அங்கே 12 விநாடிக்கு இசையே இல்லை. தையல் மிஷின்கள் மட்டும் ஓடின. ஒரு பெண் நூலைக் கத்தரிக்கும் 'டக்' கூடக் கேட்டது.

படம் முடிந்ததும் டேனரி ஆபீஸிலேயே போட்டுக் காட்டினார். முதலாளி தலையாட்டிக்கொண்டே பார்த்தார். ரப்பர் பூட்ஸோடு வாசலில் நின்ற பெரியவர், திரையில் டிரம் வருவதற்கு முன்பே பியானோவுக்கு அடியில் கேட்ட முனகலுக்கு நிமிர்ந்தார்.

"இது நம்ம மூணாம் நம்பர்" என்றார். "அச்சுக்குக் கிரீஸ் வைக்கணும்னு போன வாரமே சொன்னேன் பாய்."