"என்னைக் கொசு கடிக்கிறதே இல்லை!"

"ஏம்மா, பிள்ளையைக் கீழே கீழே போட்டுட்டியா? முகம் இப்படி வீங்கியிருக்கே!"

காலையில் பால் ஊற்ற வந்தவர் என் மகனைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ராத்திரி நன்றாகத் தூங்கிய குழந்தை, விடிந்ததும் ஒரு கண்ணைத் திறக்கவே முடியாமல் இமை வீங்கி எழுந்தால் எந்தத் தாய்க்குத்தான் பதறாது?

இது நடந்தது 2019 ஐப்பசியில். நான் பிறந்து வளர்ந்தது குன்னூர். வாழ்க்கைப்பட்டது கும்பகோணம். இந்த ஊருக்கும் கொசுவுக்கும் உள்ள சொந்தம் ஊரறிந்த விஷயம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போனவள், பத்து மாதம் அங்கேயே இருந்துவிட்டுக் குழந்தையோடு திரும்பினேன். வந்த புதிதில் பிள்ளையின் மேல் ஒரு தடிப்புக் கூட இல்லை. "பாத்தியா, என் பேரனைக் கொசு கூட அண்டாது" என்று மாமியாருக்கு ஒரே பெருமை. இரண்டு மூன்று வாரம் போயிற்று. அப்புறம் ஆரம்பித்தது தொல்லை. கடித்த இடமெல்லாம் ரூபாய்க் காசு அகலத்துக்குத் தடித்தது. கடைசியில் கண்ணும் வீங்கியது.

"இது கெட்ட ரத்தம். நீ புதுப் பொண்ணா வந்தப்போ உனக்கும் இப்படித்தானே தடிச்சுது? உன் ரத்தம்தான் இவனுக்கும்" என்றார் மாமியார். மனசில் சுருக்கென்று தைத்தது. அதே வீட்டில் என் மாமனார் வெற்றுடம்போடு திண்ணையில் உட்கார்ந்து பகலெல்லாம் பேப்பர் படிப்பார். "என்னைக் கொசு கடிக்கிறதே இல்லை. எனக்கு எதுக்கு வலையும் கிலையும்?" என்று சிரிப்பார். உண்மைதான், அவர் மேல் ஒரு தடிப்பைக் கூட நான் பார்த்ததில்லை.

யாரோ சொன்னார்கள் என்று குழந்தையின் கைகால் தடிப்புகளில் சுண்ணாம்பைத் தடவினேன். பிஞ்சுத் தோல் வெந்து போயிற்று. அவன் சொறிந்து சொறிந்து, இரண்டு இடத்தில் சீழ் வைத்துவிட்டது. அப்புறம்தான் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ரத்தத்தைச் சுத்தம் பண்ண ஏதாவது மருந்து கொடுங்க டாக்டர்" என்றேன்.

"உங்க பிள்ளை ரத்தம் சுத்தமாத்தான் இருக்கு. கொசுவோட எச்சில்தான் அவனுக்குப் பிடிக்கலை!" என்றார் அவர்.

எச்சிலா! கொசு ஊசி போல் குத்துகிறதே, அந்த வலிதான் அரிப்பு என்றல்லவா நினைத்திருந்தேன்? அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும். நம் ரத்தமோ, சிறு காயம் பட்டாலும் உறைந்துவிடும். பாதியில் உறைந்தால் கொசுவின் பாடு திண்டாட்டம். அதனால் ஒரு குழல் வழியாக எச்சிலை இறக்கிக்கொண்டே, இன்னொரு குழல் வழியாக ரத்தத்தை உறிஞ்சுகிறது. அந்த எச்சிலில் நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்கள் இருக்கின்றனவாம். சில ரத்தத்தை உறைய விடாது. சில ரத்தக் குழாயை விரித்துவிடும்.

நம் உடம்புக்கு இவை அந்நியச் சரக்கு. முதல் சில கடிகளில் உடம்பு அதை அடையாளம் பார்த்து வைத்துக்கொள்கிறது. அப்போது தடிப்பு இராது. அடையாளம் தெரிந்த பிறகு கடித்தால், தோலுக்கு அடியில் காவல் இருக்கும் அணுக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அரிப்பு, சிவப்பு, வீக்கம் எல்லாம் அதனால்தான். "முதல் தடவை வந்தவனை யாரோன்னு விட்டுடறோம். திருடன்னு தெரிஞ்சப்புறம் வந்தா, ஊரையே கூட்டிடறோம் இல்லையா? அதுதான் இது" என்றார்.

இந்தச் சண்டைக்குப் படிகள் உண்டாம். கென்னத் மெல்லன்பி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1946-லேயே இதை எழுதியிருக்கிறார். முதலில் ஒன்றும் இராது. பிறகு, கடித்த மறுநாள் தடிக்கும். அதற்கும் பிறகு உடனேயும் தடிக்கும், மறுநாளும் தடிக்கும். அடுத்த படியில் உடனே மட்டும் தடித்து அடங்கிவிடும். வருஷக்கணக்கில் கடிபட்டவர்களுக்குக் கடைசியில் ஒன்றுமே தெரியாது.

கேட்கக் கேட்க, எங்கள் வீட்டையே படம் பிடித்துக் காட்டியது போல் இருந்தது. வந்த புதிதில் தடிக்காத பிள்ளை, இப்போது வீங்குகிறான். கல்யாணமான புதிதில் தடித்த எனக்கு, இப்போது கொஞ்ச நேரம் அரித்து அடங்கிவிடுகிறது. ஆயுசு முழுக்கக் கும்பகோணத்தில் இருந்த மாமனாருக்கு ஒன்றுமே இல்லை! குற்றம் என் ரத்தத்திலும் இல்லை, என் பிறந்த ஊரிலும் இல்லை. மனசிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது.

"இன்னொன்னும் கேட்டுக்குங்க" என்றார் டாக்டரம்மா. "உங்க மாமாவைக் கொசு கடிக்கலைன்னு நினைக்காதீங்க. கடிக்குது. அவர் உடம்பு சண்டை போடறதை விட்டுடுச்சு, அவ்வளவுதான்."

இந்த வார்த்தையை நான் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். கெட்ட ரத்தம் இல்லை என்பதை மட்டும் மாமியாரிடம் வெற்றியோடு சொன்னேன். மாமனாரிடம் போய், "மாமா, நீங்களும் ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்ல ஏதோ கூச்சம். விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் மாமாவுக்குக் காய்ச்சல் அடித்தது. உடம்பெல்லாம் முறித்துப் போட்டது போல் வலி. ரத்தம் பரிசோதித்ததில் டெங்கு என்று வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ரத்தத் தட்டணுக்கள் இறங்க இறங்க, நாங்கள் எல்லோரும் வாசலில் உட்கார்ந்து சாமியை வேண்டிக்கொண்டிருந்தோம். நல்ல வேளை, பிழைத்து வந்தார்.

பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தபோது கேட்டேன், "தடிக்கவே இல்லையே, எப்படி டாக்டர் வந்தது?" என்று. டெங்குக் கிருமி கொசுவின் எச்சிலோடுதான் உடம்புக்குள் இறங்குகிறதாம். தடித்தாலும் தடிக்காவிட்டாலும் எச்சில் உள்ளே போகத்தானே செய்கிறது! காவலுக்கு ஓடி வரும் அணுக்களில் சிலவற்றுக்குள்ளேயே புகுந்து அந்தக் கிருமி பெருகிவிடுகிறது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் பேய்லர் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மனித எதிர்ப்பு அணுக்கள் வளரும்படி செய்த எலிகளைக் கிருமியே இல்லாத கொசுக்களிடம் கடிக்க விட்டார்கள். 7 நாள் கழித்தும் ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் அந்த அணுக்களில் மாறுதல் தெரிந்ததாம். எலியில் கண்டது அப்படியே நமக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வெறும் எச்சில் என்று தள்ளிவிட முடியாது, பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கொசு எங்கே பிறக்கிறது என்று தேடினேன். எங்கே இருந்தது தெரியுமா? குன்னூரிலிருந்து நான் ஆசை ஆசையாகக் கொண்டுவந்த பூந்தொட்டிகளுக்கு அடியில் வைத்த தட்டுகளில்! தெளிந்த தண்ணீரில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மாமாவைக் கடித்தது அதில் பிறந்த கொசுதானா என்று யார் சொல்ல முடியும்? ஆனாலும் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சகோதரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தடிப்புக்குச் சுண்ணாம்பு வேண்டாம். ஈரத் துணியைக் குளிர்ச்சியாக ஒற்றி எடுத்து, காலமைன் லோஷன் தடவுங்கள். குழந்தையின் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கடித்த சில மணி நேரத்தில் வரும் வீக்கம் பெரும்பாலும் ஒவ்வாமைதான். ஓரிரண்டு நாள் கழித்துச் சூடும் சீழும் காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமி, டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. ஆகவே குழந்தையின் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். வாரம் ஒரு முறை தொட்டி, தட்டு, டிரம் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் கூடாது. காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலை தொட்டி தேய்ப்பவர் மாமியார்தான். மாமா முழுக்கைச் சட்டையோடு திண்ணையில் உட்காருகிறார். யாராவது, "என்ன, இந்த வெயிலில் சட்டை?" என்று கேட்டால், "என்னைக் கடிக்குது. எனக்குத்தான் தெரியலை" என்கிறார்.

உங்கள் வீட்டிலும், "என்னைக் கொசு கடிக்கிறதே இல்லை" என்று சொல்பவர் ஒருவர் இருப்பார். கூச்சப்படாமல் அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதைப் போல் விட்டுவிடாதீர்கள்.