மாத்தளை வழியில் கேட்ட ஓசை

கண்டியிலிருந்து வடதிசை நோக்கிச் செல்லும் ஏ-9 பெருந்தெரு, அக்குறணையையும் அலவத்துகொடையையும் கடந்து, பலகடுவையில் மலையேறி, மறுபுறம் வளைந்து வளைந்து மாத்தளைக்கு இறங்குகிறது. தூரம் அதிகமில்லை, ஏறத்தாழ 26 கிலோமீற்றர்தான். ஆயினும் பழைய மோட்டார் வண்டியொன்றின் உடல்நிலையைச் சோதிப்பதற்கு இதனினும் தக்க பாதை கிடைப்பது அரிது. ஏற்றத்தில் எந்திரம் பாரம் சுமக்கிறது. இறக்கத்தில் பாரம் நீங்குகிறது. அதனுள் மறைந்திருந்த நோய்கள் இவ்விரண்டுக்குமிடையே வாய்திறந்து பேசிவிடுகின்றன.

சென்ற பாடசாலை விடுமுறையில், நாலந்தாக் கெடிகேயைக் காணும் ஆவலுடன் நாம் சென்ற வண்டி நண்பர் ஒருவரின் மொறிஸ் மைனர். அவருடைய தந்தையார் விட்டுச்சென்ற முதுசொம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இவ்வகை வண்டி, 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் உலகுக்கு அறிமுகமாயிற்று. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இலங்கையிலோ அதன் ஆயுள் இன்னும் முடியவில்லை. 1977க்கு முன்னர் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2020 மார்ச் முதல் சில ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையும், உள்ளதைப் பேணும் கலையை நம்மவர்க்கு நன்கு கற்பித்துள்ளன. போர்க்காலத்தில் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்திலே இத்தகைய பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதை வாசகர் பலர் அறிவர்.

பலகடுவை இறக்கத்தில் ஓர் ஓசை எழுந்தது. தையல் இயந்திரம் ஓடுவது போன்ற மெல்லிய, இடைவிடாத 'டிக், டிக்' ஓசை. மாத்தளை நகரை அடையுமுன் அது வலுத்துவிட்டது. நண்பர் முகம் வாடிற்று. "பிக் எண்ட் பெயாரிங் போய்விட்டது, இனி எஞ்சினை இறக்கத்தான் வேண்டும்," என்றார். அவ்வாறாயின் பயணம் முடிந்தது என்பதோடு, ஒரு குடும்பத்தின் சில மாதச் சேமிப்பும் முடிந்தது என்றே பொருள்.

நகரில் வயது முதிர்ந்த முஸ்லிம் மெக்கானிக் ஒருவரின் சிறிய கராஜை வழிப்போக்கர் ஒருவர் காட்டினார். நானா வண்டியைச் சுற்றி வந்தார். கருவி எதனையும் தொடவில்லை. "மாஸ்டர், பயப்படாதீங்க. வண்டி சொல்றத முதல்ல கேப்போம்," என்றார்.

அவர் கேட்ட முறையை மாணவர்கள் அறிந்துகொள்வது நலம். நான்கடி எந்திரத்தில் கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் ஒருமுறையே திறந்து மூடுகிறது. எனவே வால்வுப் பகுதியில் எழும் ஓசை எந்திர வேகத்தில் பாதியளவே ஒலிக்கும். நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுழலும் எந்திரத்தில் அது 400 முறை கேட்கும். அதாவது வினாடிக்கு ஆறு அல்லது ஏழு தட்டுகள். கிராங்க் தண்டைப் பற்றிய பெயாரிங்கின் ஓசையோ அதனினும் விரைவானது, கனமானது. கதவை முட்டியால் இடிப்பது போன்றது. பாரம் ஏறும்போது பலக்கும். இவ்விரண்டையும் பிரித்தறியாதவர், சளிக்கு வந்தவரை அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பும் வைத்தியரை ஒப்பார்.

முதலில் நானா எண்ணெயின் அளவைப் பார்த்தார், குறைவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, நீண்ட திருப்புளியின் நுனியை எந்திரத்தில் வைத்து, பிடியைக் காதருகே அணைத்து, அடிப்பாகத்திலும் மேற்பாகத்திலும் மாறிமாறிச் செவிமடுத்தார். ஓசை மேலிருந்து வந்தது. அடுத்து, ஒவ்வொரு பிளக்கின் இணைப்பையும் தனித்தனியே துண்டித்துப் பார்த்தார். பெயாரிங் பழுதாயின், அந்தச் சிலிண்டரின் வெடிப்பு நின்றதும் ஓசை தணிந்திருக்கும். தணியவில்லை. புகைபோக்கும் குழாய் எந்திரத்தோடு பொருந்தும் இடத்தில் கசிவு இருந்தாலும் இதே 'டிக்' ஓசை பிறக்குமாம். ஆகவே அவ்விடத்தையும் பார்த்தார். கசிவில்லை.

பின்னரே டப்பட் கவரைக் கழற்றினார். ரொக்கர்கள் எல்லாம் எண்ணெய் பெறுவதை உறுதி செய்துகொண்டு, மெல்ல ஓடும் எந்திரத்தில் ஒவ்வொரு ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையே பீலர் கேஜின் மெல்லிய தகட்டைச் செருகினார். ஐந்தாவதில் செருகியதும் ஓசை அடங்கிற்று. அங்கே சரிசெய்யும் திருகின் பூட்டு நட்டு தளர்ந்து இடைவெளி விரிந்திருந்தது. "எஞ்சினை இறக்கத் தேவையில்லை. ஆனா இதைச் சூட்டோட அளக்கக்கூடாது. ஆறட்டும், கோயிலுக்குப் போயிட்டு வாங்க," என்றார் நானா.

ஆறும்வரை மாத்தளையைப் பார்த்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையூடாக நடந்து இந்நகரை அடைந்தனர்; வழியில் மாண்டோர் மிகப் பலர். அவர் வழிவந்தோர் போற்றும் முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்கள் மாசி மகத் திருவிழாவில் வீதியுலா வருகின்றன. அம்மனை வணங்கிவிட்டு, பஸ்ஸேறி, வடக்கே சிறு தொலைவிலுள்ள அலுவிகாரைக்குச் சென்றோம்.

பாறைகள் நெருங்கி நிற்கும் அக்குகைகளிலேதான், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதிக் காக்கப்பட்ட பௌத்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. நாட்டில் பஞ்சமும் போரும் மூண்டன. ஓதுவோர் மறைந்தால் ஓதப்படுவதும் மறையும் என்று பிக்குகள் அஞ்சினர். செவியில் வாழும் கல்விக்கு இருக்கும் பெருமையும், அதனைச் சூழ்ந்திருக்கும் ஆபத்தும் அவ்விடத்தில் ஒருங்கே நம் நெஞ்சில் உறைத்தன. கராஜில் நாம் கண்டதும் அத்தகையதொரு கல்வியன்றோ!

நாம் திரும்பியபோது எந்திரம் ஆறியிருந்தது. இவ்வெந்திரத்துக்கு உரிய இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு; ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு நானாவிடம் ஓர் எளிய கணக்கிருந்தது: இரண்டு எண்களும் சேர்ந்து ஒன்பது ஆகவேண்டும். எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் முதலாவதையும், நாலாவது திறந்திருக்கையில் ஐந்தாவதையும் அளக்கவேண்டும். இப்படியே எட்டும் முடிந்தன.

எந்திரத்தை இயக்கியபோது ஓசை பெரிதும் குறைந்திருந்தது. ஆயினும் முற்றாக நீங்கவில்லை. ரொக்கரின் முகத்தில் நாட்பட்ட தேய்வினால் ஒரு குழி விழுந்திருந்தது. தட்டையான தகடு அக்குழியின் மேலே பாலம்போல் நின்றுவிடுவதால், உண்மையான இடைவெளி அளந்ததைவிடச் சற்று மிகுதியாகவே இருக்கும் என்று விளக்கினார். "அந்த மிச்சச் சத்தமும் போகிறவரை இறுக்கிவிடுங்களேன்," என்றார் நண்பர்.

நானா தலையசைத்து மறுத்தார். "சத்தம் போடுற வால்வு ஓடும், சேர். சத்தமில்லாம எரியிற வால்வுதான் நடுரோட்டில விட்டுட்டுப் போகும்."

இவ்வாசகத்தில் அரிய உண்மை அடங்கியுள்ளது. ஐந்தாம் வால்வு எரிந்த வாயுவை வெளியேற்றுவது. கடும் சூட்டைத் தாங்குவது. மூடியிருக்கும் வேளையில் தன் இருக்கையோடு இறுகப் பொருந்தித்தான் அச்சூட்டை இறக்கிவைக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் அது முற்றாக மூடாது, சூடு நீங்காது, ஓசையின்றியே கருகிப்போகும். செவிக்கு இனிமை வேண்டி எந்திரத்தைக் கொல்வது அறிவாகுமா? ஊர் திரும்பியபின் ரொக்கரை மாற்றும்படியும், அதுவரை நிதானமாக ஓட்டும்படியும் கூறி, சொற்பக் கூலியே பெற்றுக்கொண்டார்.

மாலைக்குள் நாலந்தாவை அடைந்தோம். பல்லவர் கலையை நினைவூட்டும் திராவிடச் சாயலில் எழுந்த இப்பௌத்தக் கற்கோயில், மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்தமையால் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, உயர்ந்த இடத்தில் மீண்டும் அடுக்கப்பட்டது. பிரிப்பது எளிது, எது எங்கிருந்தது என அறிந்து பிரிப்பதே கலை. எந்திரத்திலும் அவ்வாறே. ஒரு தள்ளுதண்டைக் கழற்றினால் அதை அதன் பழைய இடத்திலேயே வைக்கவேண்டும். ஒவ்வொன்றும் தன் துணையோடு சேர்ந்தே தேய்ந்து பழகியிருக்கும்.

இன்றைய புதிய வண்டிகளில் பல, வால்வு இடைவெளியைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. நோயைச் சொல்லக் கணினி வந்துவிட்டது. அது நன்றே. ஆனால் பழைய எந்திரத்தின் ஓசையைக் கேட்டு எண்ணிப் பிரித்தறியும் செவிகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. அவற்றிலுள்ள கல்வி எந்த ஏட்டிலும் முழுமையாக ஏறவில்லை. ஆதலால் மாணவர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய முதியவர் ஒருவர் இருப்பின், ஒரு விடுமுறை நாளில் குறிப்பேட்டுடன் அவரருகே சென்று அமருங்கள். முதலில் கேளுங்கள், பிறகு எண்ணுங்கள், அதன்பின் எழுதுங்கள்.