மெல்லிய சக்கரம்

பொருளின் அழகில் மயங்கிப் பயனை மறப்பது மனித இயல்பு. அவ்வியல்புக்கு நாமும் இரையானோம்.

காயல்பட்டினத்திலிருந்து திருச்செந்தூருக்கு நாள்தோறும் பணிக்குச் செல்லவும், விடுமுறையில் தூத்துக்குடி வரை சென்று மீளவும், வளைந்த கைப்பிடியுடைய பந்தய சைக்கிள் ஒன்றை வாங்கினோம். எடை 10 கிலோ. டயரின் அகலம் 23 மில்லிமீட்டர். வாப்பாவின் பழைய சைக்கிள் அதனினும் இரு மடங்கு கனம். பெருமிதத்துக்குக் கேட்கவா வேண்டும்!

முதல் மழையன்று தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தோம். இடுக்கில் சக்கரம் சிக்கிற்று, வீழ்ந்தோம். முழங்கைக் காயம் ஆறிற்று; உம்மாவின் அச்சம் ஆறவில்லை. “இனி அதில் ஏறாதே” என்றார்கள்.

விற்க மனம் வரவில்லை, திருத்தினோம். பிரேக்கின் அடியில் இருந்த இடைவெளியை அளந்து, 28 மில்லிமீட்டர் டயர் பூட்டினோம். காற்றைச் சற்றே குறைத்ததும் சாலையின் அதிர்ச்சி தணிந்தது. மட்கார்டு மாட்டச் சட்டத்தில் துளையில்லை. பட்டையால் இறுக்கும் வகையைப் பொருத்தினோம். கைப்பிடியை உயர்த்தினோம்; முதுகுவலி நீங்கிற்று. பின்புறப் பெரிய பற்சக்கரத்தை 25 பல்லிலிருந்து 28 பல்லுக்கு மாற்றினோம். கடற்காற்றை எதிர்த்து மிதிப்பதும் எளிதாயிற்று. எனினும், தண்டவாளத்துக்கு டயர் மருந்தன்று. நேர்குறுக்காகக் கடத்தல் வேண்டும். மழையெனில் இறங்கி நடத்தல் வேண்டும்.

வாங்க விழைவோர் முதலில் காண வேண்டியவை, சட்டம் ஏற்கும் டயரின் அகலமும் மட்கார்டுக்கான துளையுமே. எடையும் வண்ணமும் பின்னர்.

உம்மா இன்றும் வாசல் வரை வருகிறார்கள். ஆனால் ‘ஏறாதே’ என்பதில்லை, “எத்தனை மணிக்குத் திரும்புவாய்?” என்று மட்டுமே கேட்கிறார்கள்.