குமிழிக்கு வெளியே ஓர் ஆட்டோ
(கண்டிப் பயணம் - 4)

தென்னக்கும்புரவில் மகாவலியைத் தாண்டியதுமே சாலை முழுக்க நீலச் சட்டைகள். 2024 ஜூலை 27. பல்லேகல மைதானத்தில் இந்தியாவுடன் முதல் டி20. ஆட்டோ நகரவில்லை. ஓட்டுநருக்கு அதில் வருத்தமும் இல்லை.

"இந்தக் கூட்டத்தைப் பாக்கத்தானே சார் காத்துக் கிடந்தோம்" என்றார். மாத்தளைப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். பேச்சு அப்படியே நம் மதுரைப் பக்கம்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய நாட்டின் கதவு, 2021 ஜனவரி 21-இல்தான் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தது. புறப்படும் முன் பிசிஆர், இறங்கியதும் பிசிஆர், இடையில் இன்னொன்று. 12 டாலருக்குக் கொரோனா காப்பீடு. முதல் 14 நாள் அனுமதி பெற்ற ஹோட்டல், அனுமதி பெற்ற வண்டி, பட்டியலில் உள்ள இடங்கள் மட்டும். ஊர்க்காரர்களோடு கலக்கக் கூடாது. இதற்குப் பெயர் பயோ பபிள், அதாவது குமிழி.

"வெள்ளைக்காரங்க வேன்ல போவாங்க, நாங்க கை காட்டுவோம். ஹயர் இல்ல, லீசிங் மட்டும் மாசாமாசம் வந்துரும்."

நோயைத் தடுக்க வேறு வழி இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் சுற்றுலா திறந்தது என்று செய்தியில் படித்தபோது, இந்த ஆட்டோக்காரர் என் கணக்கில் இல்லை.

மைதானத்துக்கும் அந்தப் பூட்டு விழுந்தது. 2020 அக்டோபரில் வரவிருந்த வங்கதேச அணியிடம் 14 நாள் தனிமை கேட்டார்கள். முடியாது என்றது அவர்கள் வாரியம். தொடர் தள்ளிப்போய், 2021 ஏப்ரல்-மேயில் இரண்டு டெஸ்ட்டும் இங்கேயே நடந்தன. இலங்கையின் கருணாரத்ன 244 அடித்தார். கைதட்டப் புல்மேட்டில் ஒருவரும் இல்லை. அந்த மே மாதமே இந்தியாவிலிருந்து வருவோருக்கும் தடை. அந்த இரண்டு ஆண்டும் கண்டியின் எசல பெரஹரா ஊர்வலத்தில் யானைகள் வந்தன, பார்க்க ஊர் வரவில்லை.

தனிமை, தடை என்று பேசப் பேச அவருக்குத் தாத்தா நினைவு வந்துவிட்டது. "எங்க தாத்தாவ மண்டபத்துலயே பிடிச்சு வச்சாங்களாம். அம்மை ஊசி குத்தி, மருந்துத் தண்ணி ஊத்தி, அப்புறந்தான் கப்பலேத்துனாங்களாம்."

தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோன காலத்தில் மண்டபம் கேம்ப்தான் இலங்கையின் வாசல். காலரா, அம்மை இல்லை என்று ஆன பிறகே கடல் தாண்ட முடியும். நான் சென்னையில் விமானம் ஏறி, சாப்பாட்டுத் தட்டை எடுப்பதற்குள் கொழும்பு வந்துவிட்டது. நோய் இல்லை என்று ஒரு தாளும் கேட்கவில்லை.

"அந்தக் கேம்ப் இன்னும் இருக்கா சார்?"

இருக்கிறது, ரயில் நிலையத்தின் பெயரே அதுதான் என்றேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இங்கிருந்து அனுப்பப்பட்டவர்கள் இறங்கித் தங்கியதும், போருக்குத் தப்பி வந்த அகதிகள் வாழ்வதும் அங்கேதான் என்றேன்.

கொஞ்ச நேரம் ஹார்ன்கூட அடிக்கவில்லை அவர்.

"போறப்பவும் அங்கதான், திரும்புறப்பவும் அங்கதானா?" என்றவர், மைதான வாசலில் என்னை இறக்கிவிட்டு, அடுத்த ஹயருக்கு வண்டியைத் திருப்பினார்.