தெரியாததற்கு ஒரு பெயர்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் வேளையில் ஒவ்வோர் ஆசிரியரும் ஓர் ஆண்டுத் திட்டம் எழுதுகிறார். எந்த மாதத்தில் எந்தப் பாடம், அதற்கு எத்தனை பாடவேளை, காலாண்டுத் தேர்வுக்கு முன் எது முடிய வேண்டும், அரையாண்டுக்குப் பின் எது தொடங்க வேண்டும் என்று கட்டம் போட்டு நிரப்பிய அந்தத் தாளில் தலைமையாசிரியர் கையொப்பமிடுவார். பங்குப் பள்ளிகளில், தாளாளர் என்ற முறையில், பங்குத்தந்தையின் மேசைக்கும் அது சில வேளைகளில் வந்து சேரும். பார்த்தபின் கோப்பில் இடப்படும் தாள்களுள் அதுவும் ஒன்று. ஆயினும், அந்தக் கட்டங்களுக்குள் பாடங்கள் மட்டுமா எழுதப்பட்டுள்ளன? ஒரு வகுப்புப் பிள்ளைகளால் எது முடியும், எது முடியாது என்று பெரியவர்கள் முன்கூட்டியே செய்துகொண்ட தீர்மானமும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. இயற்கணிதப் பாடத்தில் அது மிகத் தெளிவாகத் தெரிகிறது. அது குறித்தே வாசக அன்பர்களோடு சற்றுச் சிந்திக்க விழைகிறோம்.

நாம் பணியாற்றுவது பாலாற்றுப் பகுதியின் தோல் தொழில் வட்டாரத்தில். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தொடரும் இவ்வட்டாரம் முழுவதும் முன்பு ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தது. 2019இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட ஊர்கள் இவை. பின்னர் குரோமியம் வந்தது. பதனிட்ட தோலோடு நில்லாமல் காலணியும் காலணியின் மேற்பாகமும் தைத்துக் கடல் கடந்து அனுப்பும் தொழில் வளர்ந்தது. ஆற்றுக்கும் கிணறுகளுக்கும் நேர்ந்த கேடு 1996இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வரை சென்றதை நாடறியும். நிலமும் நீரும் கெட்ட கிராமங்களில் உழவை விட்டவர்களுக்குத் தொழிற்சாலைக் கூலியே கதி என்றாயிற்று.

நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இத்தகைய வீடுகளிலிருந்து வருபவர்களே. தந்தை தோல் ஷாப்பில் இருப்பார். தாய் காலணிக் கம்பெனிக்குச் செல்வார், அல்லது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மேற்பாகம் தைப்பார், அல்லது பீடி சுற்றுவார். ஜோடிக்கு இவ்வளவு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு, அதில் கழிவு இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு என்று கணக்கின் நடுவிலேயே இப்பிள்ளைகள் வளர்கிறார்கள். தோலைச் சதுர அடியில் அளப்பதை அவர்கள் பள்ளிக்கு வருமுன்பே பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள்தாம் ஒன்பதாம் வகுப்பில் கணக்கு என்றதும் நடுங்குகிறார்கள். இது விந்தையன்றோ?

ஒன்பதாம் வகுப்பு என்பது ஒரு வாசற்படி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடிய, கட்டாயக் கல்வி பற்றிப் பேசுகிறது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எவரையும் தோல்வி என்று நிறுத்தி வைப்பதில்லை. எனவே, ‘நீ தேறவில்லை’ என்ற சொல்லை ஒரு பிள்ளை முதன்முதலில் கேட்கக்கூடிய இடம் ஒன்பதாம் வகுப்பே. அதே வயதில்தான் கம்பெனி வாசலும் கண்ணில் படுகிறது. ‘படிப்பு ஏறவில்லை, வேலைக்காவது போகட்டும்’ என்று ஒரு வீட்டில் பேச்செழுந்தால், ஏறாத அந்தப் படிப்பு பெரும்பாலும் கணக்காகவே இருக்கக் காண்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியின் கணித ஆசிரியை தமது ஒன்பதாம் வகுப்புத் திட்டத்தை நம்மிடம் கொண்டுவந்தார். பல ஆண்டு அனுபவமுடையவர். பிள்ளைகள்பால் உண்மையான அன்புடையவர். அவருடைய தாளில் இரண்டு பத்திகள் இருந்தன. முதற்பத்தியில் பல்லுறுப்புக்கோவைகள், மீதித் தேற்றம், காரணித் தேற்றம், முற்றொருமைகள், காரணிப்படுத்துதல், இரு மாறிகளில் அமைந்த சமன்பாடுகள் என்று இயற்கணிதம் முழுமையாக இருந்தது. ‘மெல்லக் கற்போர்’ என்று தலைப்பிட்ட இரண்டாம் பத்தியில் வரைபடம், செய்முறை வடிவியல், ஒரு மதிப்பெண் வினாக்கள் என்பவை மட்டுமே இருந்தன.

காரணம் கேட்டோம். அவர் தயங்காமல் விளக்கினார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டியவை 10. ஐந்து மதிப்பெண்ணுக்கு 10. எட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று வரைபடம், மற்றொன்று செய்முறை வடிவியல். இவ்விரண்டையும் பழக்கிவிட்டால் 16 கிடைக்கும். ஒரு மதிப்பெண் வினாக்களில் 10, இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஐந்து சரியாக அமைந்தால் மேலும் 10. ஆக 36. தேர்ச்சிக்கு 35 போதும். “இயற்கணிதம் அவர்களைக் கவிழ்த்துவிடும், சாமி. தேறவில்லை என்றால் அடுத்த வாரமே கம்பெனியில் நிற்பார்கள். எனக்கு அவர்கள் பள்ளியில் இருக்க வேண்டும்” என்றார்.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. அதில் இரக்கம் இருந்தது, அனுபவமும் இருந்தது. ஆனால் இரண்டாம் பத்தியில் இருந்த பெயர்களைப் பார்த்தபோது மற்றொன்றும் புலப்பட்டது. ஏறக்குறைய அனைவருமே பீடி சுற்றும் வீடுகளையும் தோல் ஷாப் கூலிகளின் வீடுகளையும் சேர்ந்த பிள்ளைகள். பள்ளி திறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. யார் மெல்லக் கற்பவர் என்பது ஜூன் மாதத்திலேயே முடிவாகிவிட்டது. பாடத்தைக் குறைத்ததோடு அது நிற்கவில்லை. பிள்ளைகளின் மேல் நாம் வைக்கும் எதிர்பார்ப்பும் அங்கே குறைக்கப்பட்டிருந்தது. மேலும், வரைபடமும் இயற்கணிதமே அல்லவா? இருபடிக் கோவையின் வரைபடம் ஏன் வளைகிறது என்று அறியாமல் புள்ளிகளைக் குறித்து இணைக்கும் பிள்ளை, எந்தக் காலணிக்கு என்று தெரியாமல் ஒரே துண்டை நாள் முழுவதும் தைக்கும் கையைப் போன்றவன் ஆகிறான்.

இயற்கணிதம் என்பதுதான் என்ன? முற்காலத்தில் இதனை அட்சரகணிதம், வீசகணிதம் என்றெல்லாம் தமிழில் வழங்கினர். உலக வழக்கில் உள்ள ‘அல்ஜீப்ரா’ என்ற பெயர், 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நூற்பெயரில் உள்ள ‘அல் ஜபர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பாகப்பிரிவினை, வணிகம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்கு நேரும் வழக்குகளைத் தீர்க்கவே அவர் அந்நூலை எழுதினார். முறிந்ததை ஒன்றுசேர்த்தல் என்பது அச்சொல்லின் பொருள். எலும்பு கட்டுவதையும் அச்சொல் குறிக்கும். கை முறிந்தால் ஆந்திரத்துப் புத்தூருக்குக் கட்டுப் போட ஓடும் நம் பகுதி மக்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா? உருது பேசும் இஸ்லாமிய மாணவர்களும் தமிழ் மாணவர்களும் ஒரே பெஞ்சில் அமரும் நம் வகுப்புகளில் இந்த வரலாற்றைச் சொல்வதே ஒரு நல்ல தொடக்கம்.

அவருக்கும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன், 628இல், பிரம்மகுப்தர் நம் நாட்டில் குறை எண்களுக்கு விதி வகுத்தார். நிறை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் அவர் அழைத்தார். 1557இல் இராபர்ட் ரெக்கார்டு என்பவர் சமக்குறியை அறிமுகம் செய்தபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்று காரணம் கூறினார். செல்வம், கடன், சமம் ஆகிய மூன்றையும் அறியாத வீடு நம் வட்டாரத்தில் உண்டா?

குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில் ‘மறைபொருள்’ என்ற சொல்லைப் பற்றி நீண்ட நேரம் கற்றோம். மறைபொருள் என்பது விடை கண்டு முடித்துவிடும் புதிர் அன்று. மனிதன் அதன்முன் பணிந்து நிற்கிறான். ஆனால் வாழ்வில் தெரியாதவை எல்லாம் மறைபொருள் ஆகிவிடா. கண்டுபிடிக்கக் கூடியவை எத்தனையோ உண்டு. அவற்றையும் விதி என்றும் தலையெழுத்து என்றும் கூறி அவற்றின்முன் பணியுமாறு ஏழைகள் பழக்கப்பட்டுவிட்டார்கள். இயற்கணிதம் தெரியாத ஒன்றுக்கு முதலில் பெயரிடுகிறது. ‘எக்ஸ் என்று வைத்துக்கொள்’ என்கிறது. பெயர் வைத்தபின் அது அச்சுறுத்துவதில்லை. தெரிந்தவற்றோடு அதற்குள்ள உறவை எழுதினால் அதுவே வெளிப்பட்டு வருகிறது.

நம் உரையாடலுக்குப் பின் ஆசிரியை தமது திட்டத்தை மாற்றி எழுதினார். பட்டியல் போடுவது அரையாண்டுத் தேர்வுக்குப் பின்னரே என்று முடிவாயிற்று. ஜூன் மாதம் முழுவதும் எட்டாம் வகுப்பின் எளிய சமன்பாடுகளுக்கு ஒதுக்கப்பட்டது. இயற்கணிதத்தை ஒரே மூச்சில் முடிக்காமல் மூன்று தவணைகளாகப் பிரித்தார்: காலாண்டுக்கு முன் கோவைகளும் முற்றொருமைகளும், அரையாண்டுக்கு முன் காரணிப்படுத்துதல், பொங்கலுக்குப் பின் இரு மாறிச் சமன்பாடுகள். வேகம் குறைந்தது, பாடம் குறையவில்லை.

முதல் வாரத்தில் அவர் வகுப்பில் தம் எதிர்பார்ப்புகளை வாய்விட்டு வாசித்தார். ஒவ்வொரு படியையும் எழுத வேண்டும். தவறான படியை ரப்பரால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே தொடர வேண்டும், எங்கே தடம் மாறியது என்று அவர் காண வேண்டுமாம். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல வேண்டும். தம்மிடம் மாணவர்கள் எதிர்பார்க்கக் கூடியவற்றையும் கூடவே சொன்னார்: தேர்வுத்தாள் ஒரு வாரத்துக்குள் திருத்தித் தரப்படும்; வீட்டில் கைவேலை உள்ளவர்கள் பள்ளி நேரத்திலேயே வீட்டுப்பாடம் செய்ய 20 நிமிடம் உண்டு; ‘உனக்குக் கணக்கு வராது’ என்ற சொல் அந்த அறையில் ஒலிக்காது. பெற்றோர் கூட்டத்தில் நாமும் இரண்டு வேண்டுகோள் வைத்தோம். அதே சொல்லை வீட்டிலும் சொல்ல வேண்டாம். சரக்கு அனுப்பும் நாளில் பிள்ளையைத் தையலுக்கு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

ஜூலை மாதத்தில் அவர் கொடுத்த கணக்கு ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். ஒருவர் 3000 ரூபாய் முன்பணம் பெறுகிறார். வாரந்தோறும் கூலியில் 250 ரூபாய் பிடிக்கப்படுகிறது. எத்தனை வாரங்களில் கடன் தீரும்? 12 என்று வகுப்பு உடனே கூறியது. பிடித்தம் போகக் கூலி போதாமல் அவர் வாரந்தோறும் மீண்டும் 100 ரூபாய் வாங்கினால்? கழிவது 150 மட்டுமே, 20 வாரங்கள். மீண்டும் வாங்குவதும் 250 ஆனால்? பிள்ளைகள் எழுதினார்கள்: 0 எக்ஸ் = 3000. எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தவில்லை. தீர்வு இல்லை என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதினார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி, “டீச்சர், இது எங்க வீட்டுக் கணக்கு” என்றாளாம்.

அவள் பெயர் இரண்டாம் பத்தியில் இருந்த பெயர்களுள் ஒன்று.

அந்தப் பாடவேளையின் மீதி நேரம் முழுவதும், இச்சமன்பாட்டில் எந்த எண்ணை மாற்றினால் தீர்வு பிறக்கும் என்பதிலேயே சென்றது. கூலியை உயர்த்தலாம் என்றான் ஒருவன். பிடித்தத்தை எழுதி வாங்க வேண்டும் என்றாள் ஒருத்தி. மகளிர் குழுவில் கடன் பெற்று முன்பணத்தை ஒரேயடியாகக் கட்டலாம் என்றாள் மற்றொருத்தி. அதற்கு வட்டி எவ்வளவு என்று கேட்டான் வேறொருவன். எதையும் அவர்கள் அன்று தீர்த்துவிடவில்லை. ஆனால் வீட்டில் வாரந்தோறும் கண்ணீரோடு பேசப்படும் ஒன்று, எண்களால் ஆனது என்றும், எண்கள் மாறக் கூடியவை என்றும் கண்டுகொண்டார்கள்.

அவ்வகுப்பில் அனைவரும் தேறினர் என்று எழுத ஆசைதான். அவ்வாறு நடக்கவில்லை. பொங்கலுக்குப் பின் ஒரு மாணவன் தன் மாமாவுடன் காலணிக் கம்பெனிக்குச் சென்றுவிட்டான், அழைத்தும் திரும்பவில்லை. எஞ்சியவர்களோடு அதே ஆசிரியை பத்தாம் வகுப்புக்கும் சென்றார். பொதுத்தேர்வுக்கு முந்திய ஜனவரியில், தடுமாறிய சிலருக்கு, 16 மதிப்பெண் தரும் அந்த இரண்டு வினாக்களைத் தனியே உட்கார வைத்துப் பழக்கவும் செய்தார். நாமும் அதனை வரவேற்றோம். வெள்ளம் வரும்போது கிடைத்த கட்டையைப் பற்றிக்கொள்வதில் பிழையில்லை. நீச்சல் கற்கவே விடாமல் முதல் நாளிலேயே கட்டையைக் கையில் கொடுத்துக் கரையில் அமர்த்துவதுதான் பிழை. முப்பத்தைந்துக்கான வழி பத்தாம் வகுப்பின் ஜனவரியில் வரட்டும். ஒன்பதாம் வகுப்பின் ஜூனில் வேண்டாம்.

பள்ளிகளை நடத்தும் பொறுப்பில் உள்ளோர் பலர் இவ்விதழை வாசிக்கிறீர்கள். வரும் ஜூன் மாதத்தில் உங்கள் மேசைக்கும் ஆண்டுத் திட்டம் வரும். அதில் இரண்டு பத்திகள் இருந்தால், இரண்டாவதில் யாருடைய பிள்ளைகளின் பெயர்கள் உள்ளன என்று கேளுங்கள். அவர்களுக்கு இன்னும் எத்தனை பாடவேளை தேவை என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள். அந்தப் பாடவேளைகளுக்கு இடம் ஒதுக்கியபின் கையொப்பமிடுங்கள்.